தங்கச்சிக்குச் சொன்ன இடம்

கீல், ஜெர்மனி
2024 பெப்ரவரி 19

அன்புள்ள லெனாட் அண்ணைக்கு,

ஃபோனில் கதைத்தால் நீங்கள் ஏசுவீர்கள், நான் அழுவேன், சிசிலியா அண்ணி இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக் களைத்துப்போவா. முந்தநாள் நடந்தது அதுதான். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் என் குரல் உயராது. உயர்ந்தாலும் நீங்கள் மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்த பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

அன்றைக்கு நீங்கள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். போன ஆவணியில் உங்கள் வலையில் ஒரு சாடி ஏறியது. கழுத்தைச் சுற்றி நாலு காது, தோளில் பச்சை மினுக்கம், அடியெல்லாம் சிப்பி. வேறு யாரும் என்றால் விற்றிருப்பார்கள். நீங்கள் முறைப்படி தொல்பொருள் திணைக்களத்திடம் ஒப்படைத்தீர்கள். பிறகு எனக்குப் படம் அனுப்பி, 'உன்னுடைய கொம்பியூட்டரில் இதையும் போடு' என்றீர்கள்.

என்னுடைய கொம்பியூட்டர் என்று நீங்கள் சொல்வது, வடகரையில் கிடைக்கிற பழம்பொருட்களைப் படம், அளவு, இடம், கண்டெடுத்தவர் என்று பதிந்து வைக்கிற இணையத்தளம். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். மூன்று வருடமாகக் கட்டுகிறோம். அதில் கடற்றொழிலாளர் தாங்களே பதிகிற பகுதி என்னுடையது. 'ஆய்வாளர் தோண்டினால்தான் பதிவா, வலையில் ஏறினால் இல்லையா?' என்று சண்டை பிடித்து வாங்கினேன். அதில் முதலாவது பதிவு உங்களுடைய சாடி. 'கண்டெடுத்தவர்: செ. லெனாட், குருநகர்' என்று திரையில் வந்த அன்று, வேலை செய்யும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கமில்லாமல் காட்டினேன்.

போன கிழமை உதயகலா அந்த இடத்துக்குப் போனா. நெல்லியடிக்காரி, பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவ. உங்களுக்குச் சங்கத்தில் கூட்டம் என்று சுபாஸின் படகைப் பிடித்துக்கொண்டு, சுழியோடிகளோடு போனா. நீங்கள் எழுதித் தந்த இடத்தில் இரண்டு நாள் தேடியும் சேறும் சாதாளைப் புல்லும் தவிர ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் பெயருக்கு மேலே சிவப்பில் 'இடம் உறுதியில்லை' என்று நிற்கிறது. ஈஸ்டர் கழித்து இங்கே எங்கள் ஆய்வுக் குழுவின் கூட்டம். எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால், 'மீனவர் தரும் தகவலை நம்பமுடியாது என்று நான் முதலே சொன்னேனே' என்கிறார். பதிவை எடுத்தால் அதோடு அந்தப் பகுதியையே மூடிவிடுவார்கள். பிறகு எங்கள் கரையில் எவன் எதைக் கண்டெடுத்தாலும் அவன் பெயருக்கு அங்கே இடமில்லை.

அண்ணை, சாடி எங்கே ஏறியது?

உங்கள் தங்கச்சி,
ஜெசிதா


குருநகர்
25.02.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கோபம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது. சங்கத்தின் கடிதத்தாளில் எழுதுவதற்குக் குறை நினையாதே, வீட்டில் வேறு தாள் இல்லை. சிசிலியா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

மேற்படி விடயம் தொடர்பாக, கடற்றொழிலாளர் சங்கச் செயலாளராகிய நான் பின்வருமாறு தெரிவித்துக்கொள்கிறேன். நான் தந்த இடம், எவன் கேட்டாலும் நான் தருகிற இடம். அப்பாவும் அதைத்தான் தந்தார். கேட்டவர்கள் எல்லோரும் அங்கே ஒருமுறை வலை போட்டு, சாதாளையை அள்ளிக்கொண்டு வந்து, எங்களைத் தூஷணத்தால் ஏசியிருக்கிறார்கள். சுபாஸின் தகப்பனும் போனவர்தான். சுபாஸ் அங்கே உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பான்!

நீ குருநகரில் பிறந்தவள்தானே? இங்கே கடலுக்கு வெளிக்கிடுகிறவனைப் பார்த்து 'எங்கே?' என்று யாராவது கேட்பார்களா? 'துலைக்கோ?', தூரத்துக்கோ என்றுதான் கேட்பார்கள். அவனும், 'ஓம், துலைக்குத்தான்' என்பான். அதோடு கதை முடிந்தது. உன் தளத்தில் பெயருக்கு அடுத்த கேள்வியே 'எங்கே?' அதற்குக் கீழே 'எவ்வளவு ஆழத்தில்?' அதற்கும் கீழே 'அந்த இடத்தை எப்படி அறிந்தீர்கள்?' இதற்கெல்லாம் உண்மை சொல்லுகிற தொழிலாளி இந்தக் கரையில் இல்லை. இருந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

சாடி ஏறியது ஒரு மீன் பாரில், கடலடிக் கல்லுத்திட்டில். அந்தப் பார் அப்பா கண்டுபிடித்தது. சண்டைக் காலத்தில் தொழிலுக்குத் தடை இருந்தபோது கரையில் நின்று, அதன் அடையாளங்களை வாய்க்குள் சொல்லிக்கொள்வார், மறந்துவிடக் கூடாதென்று. எனக்கும் உன் சின்னண்ணன் பிரகாசுக்கும் மட்டும் சொன்னார். என் படகில் இருக்கிற ஜீ.பி.எஸ்.ஸில் அந்த இடத்துக்கு 'மாமி வீடு' என்று பெயர் போட்டிருக்கிறேன், கூலிக்கு வாற பெடியன்களுக்கு விளங்கக் கூடாதென்று. அதை நீ உலகம் பார்க்கிற பலகையில் எழுதப்போகிறாயா? அடுத்த நாள் இழுவைப் படகுக்காரன் கையில் ஃபோனோடு வந்து நிற்பான். அவன் ஒருக்கால் இழுத்தால் பாரும் இல்லை, மீனும் இல்லை.

சாடியைத் தந்தேன். இடத்தை எதற்குக் கேட்கிறாய்?

பொய் சொன்னதற்குத் தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லுகிறாள் உன் அண்ணி. கடலில் இடத்தை மறைப்பது பாவம் இல்லை. எங்கள் சுவாமியாரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான், கேட்டுப் பார்.

இப்படிக்கு,
செ. லெனாட்


கீல்
2024 மார்ச் 5

அண்ணைக்கு,

மூன்று நாள் உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபம் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எவன் கேட்டாலும் தருகிற இடத்தை எனக்கும் தந்தீர்கள். நான் எவன்? சுபாஸா? அப்பா சின்னண்ணைக்குச் சொன்னார். அவர் இப்போது கனடாவில் லொறி ஓட்டுகிறார். அந்தப் பார் அவருக்கு எதற்கு, அதில் லொறியை விடவா? நான் வீட்டில் கடைசி. கிழிந்த வலை பொத்தினேன், கருவாட்டுக்கு உப்புப் போட்டேன், விடிய முதல் படகு வருகுதா என்று அம்மாவோடு கரையில் நின்றேன். படகு எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பெட்டைக்கு எதற்கு என்று விட்டீர்கள். போன மாதம் அதே பெட்டை வேலையிடத்தில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி, 'என் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்றாள். வயிறு எரியாதா?

இடம் எதற்கு என்று கேட்டீர்கள். இடம் இல்லாத சாடி காட்சியறையில் இருக்கிற ஒரு சாடி, அவ்வளவுதான். இடம் தெரிந்தால் அது எந்தப் பக்கத்தால் வந்த மரக்கலம், பக்கத்தில் வேறு என்ன கிடக்கிறது, எங்கள் கரைக்கு யார் வந்து போனார்கள் என்று கதைக்கத் தொடங்கிவிடும். சோழகக் காற்று எழும்பினால் இந்த வருடம் ஒருவரும் சுழியோட முடியாது. அதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

இழுவைப் படகைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் நியாயம். அந்த வரியை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. தளத்தைக் கட்டும்போது நான் ஆய்வாளரை நினைத்தேன், படிக்கிற பிள்ளைகளை நினைத்தேன், இழுவைக்காரனை நினைக்கவில்லை. அதனால் மாற்றியிருக்கிறேன். பொதுவில் பார்க்கிறவருக்கு ஒரு பெரிய சதுரம் மட்டும்தான் தெரியும். அது பாதிக் கடலை மூடும். உள்ளே இருக்கிற உண்மையான புள்ளி பூட்டிலே இருக்கும். கண்டெடுத்தவர் ஒத்துக்கொள்ளாமல் அதை ஒருவருக்கும் திறக்க முடியாது. பேராசிரியர், 'எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதுதானே எங்கள் கொள்கை' என்றார். 'கொள்கை உங்களுடையது, பார் எங்களுடையது' என்றேன். 'எங்களுடையது' என்று சொல்லும்போதுதான் நினைவு வந்தது, அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதீர்கள். இந்தத் தளத்தில் எதையும் அழிக்க முடியாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று எல்லாம் நிற்கும். நீங்கள் முதலில் தந்த இடமும் உங்கள் பெயரோடு கடைசிவரை அங்கேயே இருக்கும். அதற்குப் பக்கத்தில் உண்மையை எழுதலாம், அவ்வளவுதான் என்னால் முடியும்.

ஜெசிதா


குருநகர்
17.03.2024

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதத்தைச் சிசிலியா சத்தமாக வாசித்தாள். 'அதில் லொறியை விடவா' என்ற இடத்தில் அவள் சிரிக்கத் தொடங்கி, மிச்சத்தை நான்தான் வாசிக்க வேண்டியதாய்ப் போயிற்று. கருவாட்டுக்கு உப்புப் போட்ட வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு உன் தளத்தைத் திறந்து பார்த்தேன். உன்னில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. செயலாளர் எதையும் பரிசோதிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. சதுரத்தை விரலால் பெருப்பித்தேன், பிறகும் பெருப்பித்தேன். சதுரம்தான் பெருத்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அடுத்தது சுபாஸின் ஃபோனை வாங்கிப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். சுபாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன லெனாட், இந்தப் பெட்டிக்குள்ளை நானும் தொழில் செய்யிறன், குருநகர் முழுக்கத் தொழில் செய்யுது. உவள் என்னத்தைக் கண்டுபிடிச்சவள்?" என்றான். எனக்குத் திருப்தி.

ஆகவே எனது நிபந்தனைகள். பூட்டின் திறப்பு உன்னிடம் இருக்க வேண்டும், வெள்ளைக்காரனிடம் இல்லை. உதயகலா கேட்டாலும் என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கண்டெடுத்தவர் என்று என் பெயர் இருப்பது சரி, ஆனால் இடத்தை அறிந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் வர வேண்டும். ச. செபநாயகம், கடற்றொழிலாளி. எழுத்துப் பிழை இல்லாமல் வர வேண்டும்.

நான் முதலில் சொன்னது அழியாது என்று பயங்காட்டியிருக்கிறாய். அது கிடக்கட்டும். அது அப்பா கட்டின பொய், உறுதியான பொய். அவ்வளவு வருடமும் ஒருத்தனாலும் உடைக்க முடியவில்லை.

இடத்தை எழுத்தில் தர மாட்டேன். எழுதினால் சிசிலியா படமெடுக்க வேண்டும், அந்த இடம் அவளுக்கே தெரியாது. வருகிற குருத்தோலை ஞாயிறு பூசை முடிய, கோயிலடியில் சனம் கலைந்த பிறகு, இறங்குதுறையில் தனிய நின்று உனக்கு ஃபோன் எடுப்பேன். ஏச மாட்டேன். அப்பா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுவேன். நீயும் அழாமல் கேள்.

அண்ணை


கீல்
2024 ஏப்ரல் 10

என் அன்பு அண்ணை,

அழாமல் கேள் என்றீர்கள். முடியவில்லை. நீங்கள் சொன்னது இரண்டே வரி. கடலிலிருந்து பார்க்க, கரையில் ஒரு அடையாளத்துக்குப் பின்னால் எது வரவேண்டும், மற்ற அடையாளத்துக்கு எது நேரே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு அடையாளத்தையும் நான் சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்தவள். ஒன்றுக்குக் கீழே நின்று மீன் விற்றிருக்கிறேன்! இத்தனை நாள் அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். பிறகு ஜீ.பி.எஸ். எண்களைச் சொன்னீர்கள், அதற்குப் பிறகு, "இனி உனக்கும் தெரியும். பிரகாசுக்குச் சொல்லிப்போடு, அவன்ரை உரிமையிலை ஒரு பங்கு உனக்குக் குடுத்தாச்சு எண்டு" என்றீர்கள்.

அன்றே பதிந்தேன். அப்பாவின் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கிறது, சத்தமாக வாசித்துப் பார்த்துத்தான் சேமித்தேன். இடத்தை மாற்றினால் தளம் ஒரு கேள்வி கேட்கும், 'மாற்றத்துக்கான காரணம்?' அந்தக் கேள்வியை எழுதினவளே நான்தான். 'தவறு' என்று எழுத முடியாது, நீங்கள் தவறவில்லை. 'பொய்' என்று எழுத மனம் வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்:

'முதலில் தரப்பட்டது, கேட்பவர் எவருக்கும் சொல்லும் இடம். இது தங்கச்சிக்குச் சொன்ன இடம்.'

நேற்றுக் கூட்டம். பேராசிரியர் அதை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன் தகப்பன் காட்டில் காளான் பிடுங்குகிற இடத்தைத் தாயாருக்குக்கூடச் சொல்லாமல் செத்துப்போனார் என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தில் பூட்டை ஒருவரும் எதிர்க்கவில்லை, இப்போதைக்கு எங்கள் பகுதியும் தப்பியது.

ஆனால் சிவப்பு இன்னும் போகவில்லை. உதயகலா போய்ப் பார்த்து, இருக்கிறது என்று சொன்னால்தான் போகும். சோழகத்துக்கு முதல் போகச் சம்மதம் வாங்கிவிட்டேன். அவ என்னிடம் புள்ளியைக் கேட்டா. உங்களைக் கேட்கச் சொன்னேன். திறப்பு என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் வீடு உங்களுடையது.

கூட்டிக்கொண்டு போவீர்களா?

ஜெசிதா


குருநகர்
28.04.2024

என் அருமைத் தங்கச்சிக்கு,

கூட்டிக்கொண்டு போனேன்.

வேறு எவனையும் ஏற்றவில்லை, நான், உதயகலா, இரண்டு சுழியோடிகள், அவ்வளவுதான். கரையில் நின்றவர்கள், "துலைக்கோ?" என்றார்கள். "ஓம்" என்றேன். முதலில் மேற்கே விட்டேன், பிறகு திருப்பித் தெற்கே, பிறகும் ஒரு சுற்று. கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு விளங்கக் கூடாதே. அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "அண்ணை, சுத்தினது காணும். நாங்கள் போற பாதை முழுக்க இந்த மெசினிலை கோடாக் கீறுப்படுகுது. கோழி கிளறின மாதிரிக் கிடக்கு."

நானும் சிரித்துவிட்டு நேரே விட்டேன்.

அப்பாவின் அடையாளம் இரண்டும் நேர்வந்த இடத்தில் நங்கூரம் போட்டேன். சுழியோடிகள் இறங்கினார்கள். நான் ஆயிரம் தரம் வலை போட்ட தண்ணீர் அது. ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது. ஒன்றும் இல்லையென்றால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன். ஒருத்தன் மேலே வந்து, வாயில் இருந்த குழாயைக் கழற்றினான்.

"அண்ணை, இது கல்லுப் பார் இல்லை."

"பின்னை என்ன?"

"சாடி. முழுக்கச் சாடி. அடுக்கினபடி கவிண்டு கிடக்கு. உடையாததும் கனக்க. ஒவ்வொண்டுக்குள்ளையும் மீன் குடியிருக்கு."

உதயகலா என் கையைப் பிடித்துக்கொண்டா. விளங்குகிறதா தங்கச்சி? அப்பா பார் என்று நினைத்தது பாரே இல்லை. யாரோ ஒரு மரக்கலக்காரன் பறிகொடுத்த சரக்கு அது. அந்தச் சாடிகள்தான் மீனுக்கு வீடு. அந்த மீனில்தான் நாங்கள் வளர்ந்தோம், நீ ஜெர்மனிக்குப் படிக்கப் போனதும் அதே மீனில்தான். நீ சாடியைப் பற்றிப் படிக்கிறாய், சாடிதான் உன்னைப் படிப்பித்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் மீசையைத் தடவியிருப்பார்.

பிறகு எனக்கு வேறு பயம் பிடித்தது. "எல்லாத்தையும் தூக்கிப்போடுவியளோ? தூக்கினால் மீன் எங்கை போறது?" என்று கேட்டேன். "ஒண்டையும் தூக்கமாட்டம் அண்ணை. படம் எடுத்து, அளந்து, கிடந்தபடியே விடுவம். தங்கச்சியின்ரை தளம் எதுக்கு இருக்கு? பாக்கிறவை அதிலை பாக்கட்டும்" என்றா அந்தப் பிள்ளை. இவ்வளவு காலமும் உன் தொழில் என்ன என்று கேட்டவர்களுக்கு 'கொம்பியூட்டர்' என்று மட்டும் சொல்லி வந்தேன். இனி விளக்கமாகச் சொல்லுவேன்.

நேற்றுப் பார்த்தேன், சிவப்பு போய்ப் பச்சை வந்திருக்கிறது. சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். முதலாவது பதிவு குருநகர் என்று சொன்னேன், செய்தது செபநாயகத்தாரின் மகள் என்றும் சொன்னேன். கைதட்டினார்கள். கொஞ்சம் கூடுதலாகத்தான் சொன்னேன், பரவாயில்லை, தங்கச்சியைப் பற்றி அண்ணன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? நீ எழுதின காரணத்தையும் வாசித்தேன். அந்த நேரம் பின்வரிசை வாங்கில் இருந்த கிழடுகள்கூட இருமவில்லை.

கூட்டம் முடிய சுபாஸ் மெதுவாக வந்தான். அவன் வலையிலும் முந்தி ஒரு கல் நங்கூரம் ஏறினதாம். நடுவில் துளை, பக்கத்தில் ஏதோ எழுத்து மாதிரிக் கீறல். வாடிக் கொட்டிலுக்குள் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறான், இனி ஒப்படைக்கிறானாம். "என்ரை பேரும் வருமோ?" என்று கேட்டான். "வராமல்?" என்றேன். எங்கே ஏறியது என்று கேட்க என் வாய் வரவில்லை, உன் தளத்தைத் திறந்து அந்தக் கேள்வியை விரலால் காட்டினேன். அவன் யோசிக்காமல் ஒரு இடம் சொன்னான். அப்படியே பதிந்து, இத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

அவன் சொன்னது சுத்தப் பொய். அந்த இடத்தில் அவன் வலையே போடுவதில்லை. ஆனால் அவனுக்குப் பாஷையூரில் தனுஷா என்று ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவனிடம் அவளைக் கேட்கச் சொல்லு.

உன் அண்ணை,
லெனாட்